கம்பி தெரிகிற நூலகம்: இடிப்பதா, மராமத்தா?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு கிளை நூலகம். 1970களில் கட்டியது, தரைத்தளம், அதற்கு மேல் ஒரு மாடி. மாடிக் கூரையின் அடிப்பக்கம் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழைக்காலத்தில் அலமாரிகள் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்துகிறார்கள். இடித்துவிட்டு நான்கு மாடியாகக் கட்டச் சொல்கிறது ஒரு தரப்பு, பழுதுபார்த்தாலே போதும் என்கிறது இன்னொரு தரப்பு. வாசகர் வட்டத்தில் இருக்கும் நாங்கள் எதைக் கேட்டு மனு கொடுப்பது?

கூரையைத் தட்டிப் பார்க்காமல் இரண்டில் எதையும் கேட்காதீர்கள். சென்னையின் பழைய கட்டடங்களில் ஏணி போட்டு ஏறி இறங்கியே என் வேலைக்காலம் போயிருக்கிறது. அதில் ஒன்று தெரிந்துகொண்டேன்: கம்பி தெரிகிற கட்டடம் எல்லாம் சாகப்போகிற கட்டடம் இல்லை, பளபளவென்று பெயின்ட் அடித்தது எல்லாம் ஆரோக்கியமானதும் இல்லை. 50 வயது ஒரு கான்கிரீட் கட்டடத்துக்கு முதுமையே அல்ல. அதைப் படுக்கவைப்பது பெரும்பாலும் தண்ணீர்.

கம்பி ஏன் தெரிகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றில் இருக்கும் கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. 70களில் தளத்துக் கம்பிக்குக் கீழே விடும் கான்கிரீட் மூடல் அரை அங்குலம், முக்கால் அங்குலம்தான். கொத்தனார் அசந்தால் அதுவும் இருக்காது. காரம் போனதும், மேலே மொட்டைமாடியிலிருந்து கசியும் தண்ணீர் கம்பியைத் தொட்டதும், துரு ஆரம்பம். துரு இரும்பைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் அடிப்பக்கத்துச் சிமென்டைத் தள்ளிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். இதோடு நம் ஊர்க் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். பெசன்ட் நகரில் ஒரு பால்கனிக்கும் அண்ணா நகரில் ஒரு பால்கனிக்கும் வயது ஒன்றாக இருந்தாலும் முகம் வேறாக இருப்பது அதனால்தான்.

ஆக, முதலில் செய்ய வேண்டியது தட்டுவது. சின்னச் சுத்தியலால் கூரையின் அடியில் அடிக்கு ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் சரி, 'டொக்கு டொக்கு' என்றால் உள்ளே பிரிந்துவிட்டது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனால் மாலைக்குள் தளத்தின் வரைபடம் கையில் இருக்கும். கூரையில் கால் பங்குதான் வட்டமா, முக்கால் பங்கா என்பதே பாதிப் பதில். அடுத்து ஒரு சின்னத் துளை போட்டு, புதிதாக உடைந்த பரப்பில் பினால்ப்தலீன் தெளிக்க வேண்டும், பள்ளி லேபில் பார்த்த அதே திரவம்தான். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. கம்பி வரைக்கும் நிறம் மாறவில்லையா, கம்பிக்கு முன்பே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கான்கிரீட்டுக்குள் ஒலி அலை விட்டுப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை, கம்பியில் அரிப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் ஹாஃப் செல் சோதனை, இரண்டு மூன்று இடத்தில் கோர், அதாவது உருளையாகக் குடைந்த கான்கிரீட் துண்டு, எடுத்து நசுக்கிப் பார்ப்பது, அந்தத் தூளிலேயே உப்பின் அளவு. சென்னையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம். கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் மூன்றிலும் செய்கிறார்கள்.

'கட்டடம் பலவீனமாக உள்ளது' என்று ஒற்றை வரியில் ஒரு கடிதம் வந்தால் அதை ஏற்காதீர்கள். எந்தத் தூண், எந்த பீம், என்ன எண் என்று கேளுங்கள். அரசுக் கட்டடம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். சோதனையே நடக்காமல் வந்த கடிதம் என்றால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

இனி புத்தகத்தின் எடைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசுபவர் குறைவு, ஆனால் நூலகக் கட்டட விஷயத்தில் எனக்கு இதுதான் முதல் கவலை. இந்தியத் தரநிலைப்படி ஒரு வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கினால் போதும். புத்தகம் வைக்காத படிப்பறைக்கு 300. புத்தக அலமாரிகள் வரிசையாக நிற்கும் அறைக்கு 600, அதுவும் அலமாரி 2.2 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால். அதைத் தாண்டினால் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 200. வீட்டைப்போல மூன்று மடங்கு! உங்கள் நூலகத்தில் மேல் மாடியில் என்ன இருக்கிறது? நான் பார்த்த கிளை நூலகங்களில் கீழே செய்தித்தாள், இரவல் பிரிவு. மேலே 'குறிப்புதவி', பழைய கட்டுகள், யாரும் தொடாத நன்கொடை நூல்கள், உடைந்த மேசை. கட்டியபோது மேல்தளம் படிப்பறை என்று கணக்குப் போட்டிருப்பார்கள். காலப்போக்கில் இரும்பு அலமாரிகள் ஏறிக்கொண்டே போயிருக்கும். நூலகம் வளரும் உயிர் என்றார் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன். வளர்கிற உயிருக்கு எடையும் கூடும் என்பதை பீமிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்கு மருந்தும் எளிது. புத்தகத்தைக் கீழே இறக்கி, வாசகரை மேலே ஏற்றுங்கள். அலமாரிகள் தரைத்தளத்துக்கு வந்தால் எடை நேராக மண்ணுக்குப் போகிறது. மேலே மேசை நாற்காலி மட்டும் என்றால் தளத்தின் சுமை பாதியாகிறது. பீமுக்கு இரும்புத் தாங்கல் கொடுக்கும் செலவே சில இடங்களில் இதனால் மிச்சமாகும். ஆனால் சென்னையில் இதற்கு ஒரு 'ஆனால்' உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? முழங்கால் அளவு என்றால் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து இரண்டு அடி உயர்த்தி அலமாரி செய்ய வேண்டும், அரிய நூல்களை மட்டும் மேலே ஒரு சுவரை ஒட்டி வைக்க வேண்டும். இடுப்பளவு நின்ற தெரு என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு மேல்தளத்தைப் பலப்படுத்துங்கள். இன்னொன்று, செய்தித்தாள் பகுதி கீழேதான் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கே கதவு முன்னால் நிற்கும் பெரியவர்களை மாடி ஏறச் சொல்லக் கூடாது.

இந்த எடைக் கணக்கை வைத்தே 'தற்காலிக இடமாற்றம்' என்ற சொல்லைப் பாருங்கள். இடிப்பதென்றால் நூலகம் எங்காவது போக வேண்டும். பெரும்பாலும் போவது வாடகை வீட்டின் முதல் மாடிக்கு. 200 கிலோவுக்குக் கட்டிய தளத்தில் 600 கிலோ. எனக்குத் தெரிந்த ஒரு பேட்டையில் இப்படிப் போன நூலகத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வாசகர் கூப்பிட்டார். ஹாலின் நடுவில் அலமாரிகளை நிறுத்தியிருந்தார்கள், கீழ்வீட்டுக் கூரையில் மயிரிழைக் கீறல் ஓட ஆரம்பித்திருந்தது. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னேன், இடம் பற்றவில்லை. பாதிப் புத்தகம் சணல் கயிற்றுக் கட்டிலேயே கிடந்து கரையானுக்குப் போனது. புதுக் கட்டடம் எழும்பிய நேரத்தில், பள்ளிவிட்டு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருந்தார்கள். அந்த இடைவெளியில் போன வாசகர்களை எந்த எஸ்டிமேட்டிலும் எழுதுவதில்லை.

எஸ்டிமேட் என்றதும் ஞாபகம் வருகிறது. மராமத்துச் செலவு புதுக் கட்டடச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துவிடலாம் என்று ஒரு வாய்வழிக் கணக்கு எங்கள் தொழிலில் உண்டு. மோசமில்லாத கணக்கு, ஆனால் எதிர்ப்பக்கத்தையும் முழுசாக எழுத வேண்டும். இடிப்புச் செலவு, இடிபாட்டை அள்ளிப் போடும் செலவு, இரண்டு முறை இடமாற்றம், வாடகை, வேலை இழுக்கும் ஆண்டுகளின் விலையேற்றம் எல்லாம். அதைவிட முக்கியமாக, மனையில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது. பழைய கிளை நூலகங்கள் பல மனையின் ஓரம்வரை கட்டியவை. இடித்தபின் 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள் பொருந்தும்: நாலு பக்கமும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். மாடி கூடினால் லிஃப்ட், அகலப் படிக்கட்டு. ஒரு கிரவுண்டுக்கும் குறைவான மனையில் இதெல்லாம் போக மிஞ்சும் தளத்தில் இப்போது இருப்பதைவிடச் சின்ன அறைதான் கிடைக்கும் என்ற நிலைகூட வரலாம். நான்கு மாடி என்று ஆசை காட்டுபவரிடம் ஒரு மாடியின் உள்ளளவு என்ன என்று கேளுங்கள். பழைய அஸ்திவாரத்தின் மேலேயே இன்னும் இரண்டு மாடி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

இடம் பற்றவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு எழும்பூரே பாடம். கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறந்தது. பின்னாளில் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்த ஹென்றி இர்வின் வரைந்தது, நம்பெருமாள் செட்டி கட்டியது. 1948இன் பொது நூலகச் சட்டத்துக்குப் பிறகு, 1950இல் அது மாநில மைய நூலகமானது. 1954இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் வந்து சேரவேண்டிய 4 நூலகங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பழைய மண்டபம் இந்தப் புத்தக வெள்ளத்தைத் தாங்காது என்பது யாருக்கும் தெரியும். பழையதை இடித்தார்களா? 1970களில் பக்கத்தில் ஒரு கட்டடம், 1990களின் கடைசியில் இன்னொன்று. அன்றாடச் சந்தடி புதியதில், தேக்கு அலமாரியும் வண்ணக் கண்ணாடியும் பழையதில். 70களின் அந்தப் பெட்டிக் கட்டடம் பார்க்க அழகில்லை என்று எனக்கும் ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆனால் அது பழையதைக் காப்பாற்றியது.

அதே வளாகத்தில் இர்வினே வடிவமைத்த தேசியக் கலைக்கூடம் இருக்கிறது, சிவப்புக் கல் கட்டடம். 2000களின் தொடக்கத்தில் பாதுகாப்பில்லை என்று மூடிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. ஒரே வளாகம், ஒரே மனிதர் வரைந்தது, வயதிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒன்று பிழைத்தது, இன்னொன்று பூட்டிக் கிடந்தது. அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் இன்னொரு கதை. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள், வழக்கு நடந்தது, இடிக்கக் கூடாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் அது சிதைந்துகொண்டேதான் இருந்தது. இடிக்காதே என்ற உத்தரவு ஓட்டை அடைக்காது. நீங்கள் மனு எழுதும்போது இதை மனத்தில் வையுங்கள். 'இடிக்காதே' என்று மட்டும் கேட்டால், இடிக்காமல் பூட்டி வைப்பார்கள். அது இடிப்பதைவிட மெதுவான இடிப்பு.

சரி, மராமத்து என்று முடிவானால் எப்படிச் செய்ய வேண்டும்? பெயர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது மராமத்து ஆகாது. இரண்டு மழைக்குள் அது திரும்பவும் விழும், இந்த முறை யார் தலையிலாவது. முறையான வேலை முதலில் மொட்டைமாடியில் தொடங்கும். பழைய தட்டோட்டுக்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று கசிவை நிறுத்தக் காலங்காலமாய்ப் போட்ட அடுக்குகளை வெட்டி எடுக்க வேண்டும். நான் பார்த்த ஒரு மாடியில் மொத்தம் பத்து அங்குலம் இருந்தது. தளம் சுமந்ததில் பெரும்பங்கு அதன் சொந்த மருந்துதான். பிறகு மழைநீர்க் குழாய்கள், கைப்பிடிச் சுவரின் விரிசல், அதில் முளைத்த அரசஞ்செடி. செடியை மேலாக வெட்டினால் அடுத்த ஆடியில் இரண்டாக வரும். வேரோடு எடுத்து அந்த இடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். புது வாட்டம் கொடுத்து, நீர்க்காப்பு செய்து, மாடியில் தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் நிறுத்திக் கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே கைவைக்க வேண்டும்.

உள்ளே, முதலில் முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். தட்டிப் போட்ட வட்டங்களைக் கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும்வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைத் தேய்த்து, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து, நாலில் ஒரு பங்கு போயிருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுப்பூச்சு, அப்புறம் பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ. தூண்கள் பலம் குறைந்திருந்தால் ஜாக்கெட்டிங், அதாவது தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போர்த்துவது. நிலநடுக்கக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையை 2002இல்தான் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது.

இதற்கெல்லாம் மாசி முதல் ஆனி வரைதான் காலம். நம் ஊர் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. ஆனால் டெண்டர் முடிந்து வேலை உத்தரவு வருவது பலமுறை ஆவணியில். மொட்டைமாடி ஓட்டைப் பெயர்த்துப் போட்டதும் முதல் புயல் சின்னம் உருவாகும்! இதை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். உங்கள் மனுவில் கூரை வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, கோடையில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு தளக் கட்டடம் என்பதால் ஒரு தளம் திறந்திருக்க, இன்னொன்றில் வேலை நடக்கலாம். தூசியும் சத்தமும் இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கதவு திறந்திருந்தால் போதும்.

உங்கள் கட்டடம் 70களுடையது அல்லாமல் அதற்கு முந்திய சுண்ணாம்புக் கட்டடமாக இருந்தால் இதில் பாதி பொருந்தாது. மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு இரும்பே கிடையாது: தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்காக நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைப் போட்டு அடித்து இறுக்குவார்கள். அந்தச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாகும். சேப்பாக்கத்தில் 2012இல் தீப்பிடித்த கலச மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்பை வைத்துத்தான் மீட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடிக்க வேண்டும்.

உள் வசதிகளில் ஏசி பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். புதுப்பித்தல் என்றாலே ஜன்னலை அடைத்து ஏசி மாட்டுவது என்று ஆகிவிட்டது. பகலெல்லாம் குளிர், இரவில் அணைப்பு, நம் ஊர் ஈரக் காற்று. குளிர்ந்த புத்தக அட்டையில் அந்த ஈரம் படிந்து ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்கும் ஈரம்தான் விருந்து. இரவல் பிரிவுக்கு எதிரெதிர் ஜன்னலும் நல்ல மின்விசிறியும் போதும். ஏசி வேண்டுமென்றால் மேலே படிப்பறைக்கு, டிஎன்பிஎஸ்சிக்குக் காலையிலிருந்து இரவுவரை உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு வையுங்கள். அவர்களுக்கு அதைவிட அவசரமாக வேண்டியது கழிப்பறை, முக்கியமாகப் பெண்களுக்கு. வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள், பேச்சே வேண்டாம். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற வாட்டத்தில் இருக்க வேண்டும்: வாசல் 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளம். நாலடியில் வழுக்கு மரம் மாதிரி ஒன்று கட்டி 'சாய்தளம் அமைக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள், அளந்து பாருங்கள்.

எப்போது இடிக்கலாம்? கோர் சோதனையில் தூண்களே தேறாமல் போனால். கலவையிலேயே உப்பு கலந்திருப்பது தெரிந்தால். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் வெடித்துக்கொண்டே இருக்கும், அதற்குச் செய்யும் மராமத்து வீண். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் வருஷத்துக்கு வருஷம் அகலமானால். அப்படியானால் பழைய பாசத்தை விட்டுவிட்டு, புதுக் கட்டடத்துக்கே மனு கொடுங்கள். தற்காலிக இடம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பதையும், திரும்பி வரும் தேதியையும் அதில் எழுதி வாங்குங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் கட்டும் சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி சேர்ந்தே போகிறது. வசூலான பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அதே தகவல் உரிமை மனுவில் இன்னொரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்.

மனுவோடு படங்கள் இணைத்தால் நல்லது. நூலகரிடம் சொல்லிவிட்டு, பெருமழை விட்ட மறுநாள் காலையில் மொட்டைமாடிக்குப் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தக் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறது என்று படம் எடுங்கள். பிறகு கீழே இறங்கி, அதே இடத்துக்கு நேர் கீழே கூரையைப் படம் எடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால், சோதனைக்கு வரும் பொறியாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்படியே அந்த இலையையும் கையால் எடுத்துப் போட்டுவிடுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.